இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அங் மோ கியோ நூலகக் கண்ணாடி அறையில்
ஏழு நாற்காலி, ஆறு பேர், ஒரே நாவல்.

கதை இவ்வளவுதான்:
ராஃபிள்ஸ் பிளேசில் கணக்கு எழுதும் ஒருத்தி
பிராஸ் பாசா நிலையத்தின் நீண்ட மின்படியில்
கைப்பேசியைப் பார்த்தபடி இறங்குகிறாள்.
இறங்கி முடிக்கையில்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து.
முழங்கால் சேறு.
விலங்குக் காலோடு சாலை போடும் கைதிகள்.
மதராசிலிருந்து கப்பலேற்றப்பட்ட ஒருவனுக்கு
நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தியிருக்கிறார்கள்.
மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான்" என்றார் செங்குட்டுவன்.
"எழுபதாம் பக்கத்துல அவ நடக்குற திசையில நடந்தா
நேரா கடலுக்குள்ளதான் போவா.
பீச் ரோட்டைத் தாண்டினா அப்போ தண்ணிங்க."

ரோஸ்லின் தாதி. அவருக்கு வேறு கோபம்.
"ஊரே காலராவுல சாகுது,
இவ கொதிக்காத தண்ணியக் குடிச்சிட்டுக்
காதல் பேசுறா. நாலாம் நாள் முடிஞ்சிருக்கணும் கதை."
பிறகு பிஸ்கட்டை உடைத்துக்கொண்டே,
அவன் காய்ச்சலில் கிடக்கும் இரவை மட்டும்
மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று
இரண்டு முறை படித்ததாகச் சொன்னார்.

"கைதி பேசுற தமிழா இது?" என்றார் சுல்தானா பீவி.
"கல்லு உடைக்கிறவன்
'தங்கள் வரவால் மகிழ்ந்தேன்'னு சொல்றான்,
செய்தி வாசிக்கிற மாதிரி!"
சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது.

மெய்யம்மை மட்டும் சிரிக்கவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டில் அவர் அழுதிருக்கிறார்.
தலையெழுத்து தலையெழுத்து என்கிறோமே,
அவனுக்கு நிஜமாகவே எழுதியிருந்தது.
அவனுக்கோ வாசிக்கத் தெரியாது.
'என்ன போட்டிருக்கு?' என்று
பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒருத்தியிடம் கேட்கிறான்.
அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு
'உன் பேருதான்' என்கிறாள்.

அது பொய்தானே என்றார் செங்குட்டுவன்.
கருணை என்றார் மெய்யம்மை.
நோயாளிக்கு நான் அப்படிச் சொன்னால்
வேலை போய்விடும் என்றார் ரோஸ்லின்.

துவாஸிலிருந்து இரண்டு ரயில் மாறி வரும் இசக்கிமுத்து
அதுவரை பேசவில்லை.
"நானூறு பக்கத்துல
அவன் ஊருக்கு ஒரு கடுதாசி போடலீங்க.
கைதின்னாலும் வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல.
அவளுக்கு ஏறி வர மின்படி இருக்கு.
அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."
ஏர்கான் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.
செங்குட்டுவன் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

என் முறை வந்தது.
நல்லாயிருக்கு, கொஞ்சம் நீளம் என்றேன்.

புதன்கிழமை மதிய இடைவேளையில்
அந்த மின்படியில் மூன்று முறை இறங்கியதை
நான் சொல்லவில்லை.
மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு.
மேலே கண்ணாடிக் கூரையில் குளத்து வெளிச்சம் நெளிந்தது.
நான்கு மொழிகளில் அறிவிப்பு,
தமிழ் கடைசியாக.
கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா மலாயில் கேட்டார்:
எதையாவது தொலைத்துவிட்டாயா?
இல்லை என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கூட்டம் கலைந்தபோது
என் கையிலிருந்த பிரதியை இசக்கிமுத்து கேட்டார்,
அறையில் இன்னொருவர் படிக்க வேண்டுமாம்.
கொடுக்குமுன் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
ஓரத்தில் பென்சிலில் சின்னதாக 'பொய்' என்றிருந்தது,
என் கையெழுத்தில்.
ரப்பரைத் தேடி எடுத்து அழித்தேன்.
எழுத்து போய்விட்டது.
அழுத்தி எழுதிய தடம்
விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது.